ஏழாம் எண்ணின் காலை உணவு

எங்கள் தொழிலில் உன்னைப் போன்ற மருந்துகளுக்கு
இரண்டு வசைச்சொல் உண்டு.
நீரிலும் கரையாமல் எண்ணெயிலும் கரையாமல்
முரண்டு பிடித்தால், செங்கல் தூள்.
நீரைக் கண்டால் மட்டும் முகம் திருப்பினால்,
கொழுப்பு உருண்டை.
நீ இரண்டாம் ரகம்.
அந்த ஏச்சிலேயே உனக்கான வழியும் இருந்தது;
எனக்குப் புரிய நான்கு ஆண்டு ஆயிற்று.

குரோனிங்கனில் மழை படுக்கைவாட்டில் பெய்யும்.
சைக்கிளை வாய்க்கால் கம்பியில் பூட்டிவிட்டு
ஈரக் காலுறையோடு ஆய்வகம் ஏறுவேன்.
மேசைமேல் ஒரு கண்ணாடி வயிறு:
சுற்றிலும் முப்பத்தேழு பாகை வெந்நீர்,
உள்ளே பன்றிக் கணையத்தின் நொதி,
மாட்டுப் பித்தத்தின் உப்பு.
எண்ணெய் உடைய உடைய அமிலம் பெருகும்.
சமன்செய்ய இயந்திரம்
சொட்டுச் சொட்டாய்க் காரம் விடும்.
அந்தச் சொட்டுகளை எண்ணுவதுதான் என் பிழைப்பு.
"உன்னைவிட நேரத்துக்குச் சாப்பிடுகிறது"
என்பான் வீப்ரன்.

முதல் கலவையில் எண்ணெய் செரித்தது,
நீ செரிக்கவில்லை.
படகு கரைந்துபோக நடு ஆற்றில் விடப்பட்ட பயணியாய்
இருபதாம் நிமிடம்
ஊசி ஊசியாய் அடியில் படிந்தாய்.
இரண்டாவதில் ஓடு வெடித்தது:
ஜெலட்டினின் ஈரத்தைக் கலவையே குடித்துவிட
அலமாரி முழுக்கப் பிசுக்கு.
மூன்றாவதைப் பற்றிப் பேச வேண்டாம்.

யாருக்காக இத்தனை மெனக்கெடல்?
பழைய மாத்திரைப் பெட்டியில் அச்சிட்டிருக்கிறது:
கொழுப்பு மிகுந்த உணவோடு உட்கொள்ளவும்.
விழுங்க வேண்டியவர்களோ
ரொட்டி வாசனைக்கே வாளியைத் தேடுகிறவர்கள்.
பல்லும் இருக்கிறது, பக்கோடாவும் இருக்கிறது;
பசிதான் இல்லை.

பன்னிரண்டு தன்னார்வலர்கள், மூன்று முறை.
ஒரு முறை வெறும் வயிற்றில் பழைய மாத்திரை.
ஒரு முறை அதே மாத்திரை,
கூடவே செவிலி ஹில்யே தட்டில் ஏந்திவரும் சட்டம்:
வெண்ணெயில் பொரித்த முட்டை இரண்டு,
பன்றிக் கீற்று இரண்டு,
வெண்ணெய் ரொட்டி, வறுத்த உருளை,
ஆடை எடுக்காத பால்.
முப்பது நிமிடத்தில் தட்டு காலியாக வேண்டும்.
ஒரு முறை வெறும் வயிறு, என் கேப்ஸ்யூல்.

ஏழாம் எண் யெல்மர். வாய்க்கால் பாலம் தூக்குகிறவன்.
தட்டு காலி என்றது படிவம்.
இரத்தம் வேறு சொன்னது:
விருந்து நாளில் பதினொரு கோடுகள் மலை ஏற
ஏழாவது மட்டும்
இந்த நாட்டைப் போலவே தட்டையாய்க் கிடந்தது.
வீப்ரன் கல்லீரல் என்றான்.
நான் பித்தப்பை என்றேன்.
இரண்டு நாள் வாதாடினோம்.
ஹில்யேதான் போய்ச் சும்மா கேட்டாள்.
அவன் காது சிவந்தது.
சட்டைப் பையில் கைக்குட்டை,
கைக்குட்டைக்குள் முட்டை, இறைச்சி, ரொட்டி.
மாலையில் தங்கை கூட்டிவரும் நாய்க்காம்.
"பாலை?"
"பாதி குடித்தேன்."

விதிப்படி அவன் எண்ணை அடித்தோம்.
அதற்குள் மூன்றாம் முறையும் முடிந்திருந்தது.
அறிக்கையில் இல்லாத அந்தக் கோட்டை
நான் இன்னும் வைத்திருக்கிறேன்:
வெறும் வயிறு, என் கேப்ஸ்யூல்,
ஏழாவது மற்றவற்றோடு தோளுரச ஏறியிருக்கிறது.

ஓட்டுக்குள்ளேயே இருக்கிறது உன் காலை உணவு.
சோயா எண்ணெய் கொஞ்சம்,
ஆமணக்கிலிருந்து பிறந்த ஒரு சமாதானக்காரன்,
ஒரு கை எண்ணெயில், மறு கை நீரில்.
வயிற்று நீர் பட்டதும்
பாலில் ஒரு சொட்டு நீலம் விழுந்தாற்போல் கலங்கும்.
விருந்து வந்ததென்று நம்பிப் பித்தம் கதவு திறக்கும்.
நீ துளிக்குள் குனிந்து குடலைக் கடப்பாய்.
கல்லீரலின் சுங்கச்சாவடிக்குப் போகாமல்
நிணநீரின் பின்சந்து பிடித்துக்
கழுத்தடியில் இரத்தத்தில் சேர்வாய்.
பசியும் வேண்டாம், கீழ்ப்படிதலும் வேண்டாம்.

நேற்று வீடு திரும்புகையில் பாலம் தூக்கியிருந்தது.
மணல் ஏற்றிய படகு அவசரமில்லாமல் போனது.
கண்ணாடிக் கூண்டிலிருந்து யெல்மர் கையசைத்தான்.
காலடியில் அந்த நாய், நல்ல பருமன்.
"அதற்கும் இரத்தம் எடுத்திருக்க வேண்டும்!" என்று கத்தினேன்.
மழையில் அவனுக்குக் கேட்கவில்லை.